கடல் வீட்டுக்குள் வரும் கனவு: பதில்

சகோதரி, குளச்சல் வீட்டுக்குள் கடல் ஏறுவதாக விடியற்காலையில் கனவு வருகிறது, பலித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பலிக்காது. கனவு அதிகம் வரும் உறக்கநிலை இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளும். அப்போது விழிப்பதால் நினைவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

கனவுப் பலன் புத்தகத்தை மூடி வையுங்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கடல் வேறு. 2004 சுனாமியையும் 2017 ஒக்கி புயலையும் பார்த்த கரைக்காரருக்கு வேறு. கணவர் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கனவுக்குக் காரணம் அதுவோ என்றுதான் எனக்குச் சந்தேகம். அவர் கரையில் இருக்கும்போதும் இந்தக் கனவு வருகிறதா, கவனியுங்கள்.

அப்புறம், கனவின் முடிவை விரும்பியபடி மாற்றி எழுதி, பகலில் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்கள் சொல்லும் பயிற்சிதான். தூக்கமே கெட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.