ஸ்டேஷனில் அடித்து அனுப்பிவிட்டார்கள், எங்கே போவது?

கேள்வி: திருட்டு விசாரணை என்று என் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரவெல்லாம் வைத்து அடித்திருக்கிறார்கள். காலையில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. எஸ்.பி.யிடம் மனு கொடுத்தால் போதுமா?

பதில்: மனுவை நாளைக்கும் கொடுக்கலாம். காயம் அதுவரை அப்படியே இருக்காது. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யார், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று டியூட்டி டாக்டரிடம் தம்பியே சொல்லட்டும். அது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். பயந்துபோய் ‘வழுக்கி விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியைத்தான் பின்னால் உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். (நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்கள் எவ்வளவு வழுக்கும் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.) காயங்களை முகமும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். உள்ளங்காலை மறக்க வேண்டாம்.

அடுத்தது கேமரா. ஸ்டேஷன் வாசல், லாக்கப், வராந்தா எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, சரி. ஆனால் கேமரா இருந்தால் மட்டும் போதாது. அந்த உத்தரவுக்கு முன், அதே வருடம் ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் என்ன நடந்தது? போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபின் மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதனால் தேதி, மணி குறிப்பிட்டு, ‘இந்த நேரத்துப் பதிவைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் இன்றே ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். ரசீது பத்திரம். அந்தப் பதிவை வரவழைக்க ஆணையத்துக்கு வழி இருப்பதாக அதே தீர்ப்பு சொல்கிறது.

‘அவனாக வந்தான், உடனே போய்விட்டான்’ என்பார்கள். அன்றிரவு நீங்கள் பேசிய போன் விவரம், வாசலில் காத்திருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். வெற்றுத்தாள் விஷயம் மனுவிலேயே இருக்கட்டும்.

எஸ்.பி. அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173(4) பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் மேலதிகாரியின் அறிக்கை, முன் அனுமதி என்று இழுக்கப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் வக்கீல் அவசியம். ஆணையத்துக்கு வக்கீலும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்ச்சேர வேண்டும். ஆணையம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. இழப்பீடு கொடுக்கச் சொல்லும், நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

அப்புறம், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடமிருந்து ‘சும்மா வந்துட்டுப் போங்க’ என்று போன் வரும். தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். எழுத்தில் சம்மன் கேளுங்கள்.