வாசகர் கேள்வி: சீனாவுல தாவோ மலை ஏறப்போறேன், எந்த மலை நல்லது?

கேள்வி: அண்ணே, குமுளில ஏலக்கா கடை வச்சிருக்கேன், வயசு 56. மகன் சீனாவுல செங்டுல டாக்டருக்குப் படிக்கிறான், அக்டோபர்ல அவனப் பாக்கப் போறேன். கைடு வச்சு ஒருநாள் தாவோ மதக் கோயில் இருக்குற மலைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறான், ஹுவாஷானா ச்சிங்செங்கான்னு அவனுக்கே குழப்பம். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே ஏறிருவேன், எறங்கும்போதுதான் முழங்கால் பிடிச்சுக்குது. அங்க கோயிலுக்குள்ள எப்படி நடந்துக்கணும்னும் சொல்லுங்க.
- வாசகி, குமுளி

பதில்: அக்கா, ச்சிங்செங் போங்க. ஹுவாஷான் சியான் நகரத்துக்குக் கிழக்க 120 கிலோமீட்டர், செங்டுலேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற தூரமில்ல, தெக்கு உச்சி 2,154 மீட்டர், செங்குத்துப் பாறைல வெட்டுன படி, சங்கிலியப் பிடிச்சு ஏறணும், ரோப் கார் இருந்தாலும் ஒரு உச்சிலேர்ந்து இன்னொரு உச்சிக்குப் போக படிதான், உங்க முழங்காலுக்கு அது வேணவே வேணாம்.

ச்சிங்செங் செங்டுலேர்ந்து ரயில்ல ஒருமணி நேரத்துக்குள்ள வந்துரும் (பாஸ்போர்ட் கைல இருக்கட்டும், டிக்கெட்டுக்கு வேணும்). உயரம் சுமார் 1,260 மீட்டர், அதாவது நம்ம மங்கலதேவி மலையவிடக் கொஞ்சம் கம்மி. முன்மலை பின்மலைன்னு ரெண்டு இருக்கு, கோயிலெல்லாம் முன்மலைலதான், அதுக்கே போங்க. மரம் அடைச்சு நிழலாவே இருக்கும், ஆனா ஈரம் ஜாஸ்தி, கல்லுப்படில பாசி வழுக்கும், அதனால நல்லா பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கோங்க. போகும்போது நடந்து ஏறுங்க, எறங்கும்போது ரோப் கார்ல வந்துருங்க, எறக்கம்தானே உங்களுக்குத் தொந்தரவு.

கைடு இல்லாமலும் போகலாம், வழி தப்பாது. ஆனா அங்க போய் வெறும் படியும் பழைய கட்டடமும் பாத்துட்டு வர்றதுல எனக்கு சம்மதமில்லக்கா, நம்ம கண்ணகி கதை தெரியாம ஒருத்தர் மங்கலதேவி வந்தா இடிஞ்ச கல்லுதானே தெரியும்? அதனால கொஞ்சம் கதை தெரிஞ்சுட்டுப் போங்க. தாவோன்னா வழின்னு அர்த்தம். ஜாங் தாவோலிங்ங்கிற குரு கி.பி. 143-ல இந்த மலைக்கு வந்து போதிச்சார்னு சொல்றாங்க, தாவோ மதம் ஒரு அமைப்பா உருவானதுல இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பேருல இருக்குற தியான்ஷி குகைக் கோயில்ல ஒரு பழைய ஜிங்கோ மரம், அவரே நட்டதுன்னு ஐதீகம். அந்த மரத்தடில கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, அவசரப்படாதீங்க, உச்சி தொடலன்னாலும் பரவால்ல. உச்சில, தாவோ மதத்துக்காரங்க மூலகுருவா கும்பிடுற லாவோ ட்சுவுக்கு ஒரு மண்டபம் இருக்கு, கால் ஒத்துழைச்சா போங்க.

கோயில் மொறை நமக்குப் புதுசில்ல. வாசப்படிய மிதிக்காம தாண்டணும், ஊதுவத்தி மூணு ஏத்துவாங்க, சாமியார்ங்க தலைமுடிய உச்சில கொண்டை போட்டிருப்பாங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க. சைவம் சாப்பிடுறவங்கன்னா மகன்கிட்ட சொல்லி சீனத்துல போன்ல டைப் பண்ணி வச்சுக்கோங்க, ஏன்னா அங்க கடைகள்ல புகைபோட்ட பன்னிக்கறி பிரசித்தம்.

இன்னொரு நாள் இருந்தா பக்கத்துலயே டுஜியாங்யான்ங்கிற பழைய பாசன அமைப்பப் பாருங்க. கி.மு. 256 வாக்குல அந்தப் பகுதி ஆளுநரா இருந்த லி பிங் கட்டுனது, மூங்கில் கூடைல கல்ல நெரப்பிப் போட்டு, குறுக்க அணையே கட்டாம ஆத்த ரெண்டாப் பிரிச்சு விட்டிருக்காங்க, இன்னைக்கும் செங்டு சமவெளி வயலுக்கு அந்தத் தண்ணிதான் பாயுது. நான் கம்பத்துக்காரன், முல்லைப்பெரியாறு தண்ணில வளந்தவன், அங்க கரைல நின்னப்ப ரொம்ப நேரம் நகர மனசு வரல.