5 வீதப் பவுடர் நெருப்பை நிறுத்துமா?

கேள்வி: அச்சுவேலிப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். உடைந்த மீன்பெட்டி, தண்ணீர்த் தாங்கி, உரப்பை எல்லாம் வாங்கி அரைத்து விற்கிறோம். கொழும்பில் ஒரு தொழிற்சாலை, வயர் ஓடும் தட்டுகளைத் 'தீப்பிடிக்காத' மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்து தரமுடியுமா என்று கேட்கிறது. தரகர் ஒருவர், தன்னிடம் உள்ள வெள்ளைப் பவுடரை 5 வீதம் கலந்தால் போதும், சான்றிதழும் தானே தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு பகுதி கொடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தையாவது நிறுத்துங்கள்.

நீங்கள் அரைக்கும் மீன்பெட்டியும் தாங்கியும் பொலிஎத்திலீன். உரப்பை பொலிப்புரொப்பிலீன். இரண்டும் மெழுகுதிரிக்கு நெருங்கிய உறவு. மெழுகு உருகி ஆவியாகி அந்த ஆவி எரிவதுபோலத்தான் இவையும் எரியும். உருகிச் சொட்டும் துளிகூட எரிந்தபடியே கீழே விழும். இவை எரிந்துகொண்டிருக்கக் காற்றில் 18 வீத ஒட்சிசன் இருந்தாலே போதும். நாம் மூச்சுவிடும் காற்றில் 21 வீதம் இருக்கிறது.

தரகர்கள் இப்படிக் கொண்டுவரும் வெள்ளைப் பவுடர் பெரும்பாலும் அலுமினியம் ஐதரொட்சைட்டுத்தான். அது மோசமான சரக்கு இல்லை, நல்ல சரக்கு. பச்சை விறகு ஏன் எரிய மறுக்கிறது? உள்ளே இருக்கும் ஈரம் சூட்டையெல்லாம் குடித்துவிடுகிறது. இந்தப் பவுடரும் அதையே செய்கிறது. 100 கிலோவுக்குள் ஏறக்குறைய 34 கிலோ தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது; சுமார் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது அது நீராவியாக வெளியேறி நெருப்பைக் குளிரவைக்கும். சரி, 5 வீதம் கலந்தால் என்ன கிடைக்கும்? 100 கிலோ கலவையில் 2 கிலோ தண்ணீர்கூட இல்லை. அடுப்பு நிறையக் காய்ந்த பனைமட்டை, நடுவில் ஒரு பச்சைச் சுள்ளி! உண்மையில் வேலை செய்ய எடையில் 60 வீதம் அளவுக்குப் போகவேண்டும். அப்போது தட்டின் பாரம் ஒன்றரை மடங்காகும், வளைத்தால் முறியும். வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த தாங்கியை அரைத்து அதில் சேர்த்தால் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் சாதாரண ஒற்றைத் திருகு மெசினால் அவ்வளவு தூளைச் சீராகக் கலக்கவும் முடியாது.

உரப்பையோடு இன்னொரு சிக்கல். பொலிப்புரொப்பிலீனை 200 பாகைக்கு மேல்தான் ஓட்டுவீர்கள். பவுடர் மெசினுக்குள்ளேயே தண்ணீரைக் கக்கத் தொடங்கிவிடும். வெளியே வரும் தகடு அப்பத்தின் நடுப்பகுதிபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதற்கு 300 பாகை தாண்டும்வரை தாங்கும் மகனீசியம் ஐதரொட்சைட்டு வேண்டும். விலை கூட.

இனிச் சான்றிதழ். இதில்தான் நம் ஆட்கள் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறைக்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். 'வி-0' என்று பெரிதாக அடித்திருந்தது. துண்டை நிமிர்த்திக் கட்டி எரிக்கும் சோதனையில் வி-0, வி-1, வி-2 என்ற மூன்றில் அதுதான் சிறந்த வகுப்பு. கீழே சின்ன எழுத்தில் பார்த்தால் பொருள் நைலோன், தடிப்பு 3 மில்லிமீற்றர். அவர் வார்த்தது பொலிஎத்திலீன், 1.5 மில்லிமீற்றர். அந்தத் தாளுக்கும் அவருடைய தட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்று லட்சம் போய்விட்டது. பவுடருக்கென்று தீச்சான்றிதழ் கிடையாது. குறிப்பிட்ட பிளாஸ்டிக், குறிப்பிட்ட கலவை, குறிப்பிட்ட தடிப்பு, இவை சேர்ந்த துண்டுக்குத்தான் சான்றிதழ். தடிப்புக் குறைந்தால் அது செல்லாது. யாரோ புதுப் பிளாஸ்டிக்கில் எடுத்த முடிவு உங்கள் மீன்பெட்டிக்குப் பொருந்தவே பொருந்தாது.

பவுடர் சரிவராவிட்டால் அதே தரகர் அடுத்ததாகக் கறுப்புச் சில்லுகளைக் காட்டுவார், 'இதில் ஏற்கெனவே நெருப்பை அடக்கும் மருந்து இருக்கிறது' என்று. பழைய தொலைக்காட்சி, கணினிக் கூடுகளை உடைத்தது. மருந்து இருப்பது உண்மைதான். பல கூடுகளில் அது புரோமீன் சேர்ந்த மருந்து. அவற்றில் சிலவற்றை, எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைத் தடுக்கும் சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2009 முதல் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்த்து வருகிறது. அவற்றில் ஒன்றான டெக்கா எனப்படும் மருந்து 2017இல் சேர்ந்தது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. அந்தச் சில்லைத் தொடவேண்டாம்.

எந்த மருந்தும் போடாமலே நெருப்பை எதிர்க்கும் பிளாஸ்டிக் ஒன்று உங்கள் முற்றத்திலேயே கிடக்கலாம்: பிவிசி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், அரைகுறையாகக் கேட்டுவிட்டுக் கெடுத்தவர்கள் அதிகம். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரீன். அதனால் நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்துவிடும். ஆனால் நான் சொல்வது தண்ணீர்க் குழாய் போன்ற விறைப்பான பிவிசி. வயர் உறை, தோட்டக் குழாய் போன்ற மென்மையானவற்றில் எண்ணெய் மாதிரியான சேர்மானம் இருக்கிறது, அது நன்றாகவே எரியும். விறைப்பான பிவிசியும் நெருப்புக்குள் இருக்கும்வரை கரும்புகையும் அமில வாயுவும் கக்கும். ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்குப் புகை குறைந்த, குளோரீன் இல்லாத தட்டு வேண்டும் என்று வாங்குபவர் சொன்னால் அதுவும் கழிந்தது. அப்புறம், 'நெருப்பைத் தாங்குமாமே' என்று பிவிசியைப் பொலிப்புரொப்பிலீனோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து, வரும் அமிலம் உங்கள் மெசினின் திருகையே அரித்துவிடும். பிரிப்பது கஷ்டமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள்: பொலிஎத்திலீனும் பொலிப்புரொப்பிலீனும் மிதக்கும், பிவிசி தாழும். தாழ்வதெல்லாம் பிவிசி ஆகாது, நைலோன் வலையும் குடிதண்ணீர்ப் போத்தல் துண்டும் தாழும். ஒரு செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் துண்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் பிடியுங்கள். சுவாலை பச்சையானால் குளோரீனோ புரோமீனோ இருக்கிறது. வெளியே, புகை உங்கள் மேல் படாதபடி காற்று வரும் பக்கமாக நின்று செய்யுங்கள்.

முற்பணத்துக்கு முன் செய்யவேண்டிய வேலை ஒரு கடிதம். கொழும்புத் தொழிற்சாலையிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சோதனை, எந்த வகுப்பு, எந்தத் தடிப்பில்? 'தீப்பிடிக்காத' என்ற ஒற்றைச் சொல்லோடு கேள்விப்பத்திரம் போட்டுவிட்டு, சரக்கு வந்தபின் ஒவ்வொரு தாளாகக் கேட்கும் பழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அரச அலுவலகங்களும் அப்படித்தான். ஒரு அலுவலகத்தில் என் விண்ணப்பம் மூன்று மாதம் கிடந்தது. கடைசியில் 'இது தீ சம்பந்தப்பட்டது, வேறு பிரிவு' என்று திருப்பித் தந்தார்கள். அந்த வேறு பிரிவு எது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சிறு தொழில் செய்பவன் இதற்கெல்லாம் எத்தனை தரம் கொழும்புக்கு பஸ் ஏறுவது?

கடிதத்துக்குப் பதில் வரும்வரை நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். அவர்கள் கேட்கும் தடிப்பில் 125 மில்லிமீற்றர் நீளம், 13 மில்லிமீற்றர் அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள். ஒன்றை நிமிர்த்திக் கட்டி, ஒரு அடி கீழே பஞ்சு வையுங்கள். துண்டின் அடியில் சிறு சுவாலையை 10 செக்கன் பிடித்து எடுங்கள். அணைந்ததும் இன்னொரு 10 செக்கன். வி-0 என்றால் ஒவ்வொரு தடவையும் 10 செக்கனுக்குள் அணையவேண்டும், பஞ்சில் நெருப்புத் துளி பற்றக்கூடாது. துளி விழுந்து பஞ்சு பற்றினால், துண்டு 30 செக்கனுக்குள் அணைந்தாலும் அது வி-2 தான். வயர்த் தட்டுக்குக் கீழே ஆள் நிற்பார் என்று நினைத்துப் பாருங்கள். இது வீட்டுச் சோதனை, சான்றிதழ் ஆகாது. ஆனால் முற்பணத்தைக் காப்பாற்றும். தரகர் பையிலிருந்து எடுக்கும் மாதிரித் துண்டை எரிக்கவேண்டாம். அவருடைய பவுடரில் ஒரு கிலோ வாங்கி, உங்கள் மீன்பெட்டித் தூளில் அவர் சொன்ன அதே 5 வீதத்தைக் கலந்து வார்த்த துண்டை, அவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து எரியுங்கள்.