மொரிஸ் மைனருக்கு பிளக் வயர்: முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பப்பா ஓடிய 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, எஞ்சின் 1098 சிசி. மாரி தொடங்கினால் விடியக்காலையில் ஸ்ரார்ட் எடுக்க மறுக்கிறது. எடுத்தாலும், மூன்றாம் கியரில் அழுத்தும்போது ஒரு சிலிண்டர் விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது. பிளக் வயர்கள் வெடித்திருப்பதைக் கண்டு இணையத்தில் நீல நிற 8 மில்லிமீற்றர் சிலிக்கோன் செட் ஒன்றை எடுப்பித்திருக்கிறார், அது டிஸ்ரிபியூட்டர் (பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மூடியின் ஓட்டைக்குள் போகவில்லை. கராஜில் "ஓட்டையைக் கொஞ்சம் துளைத்துப் பெருப்பிப்போம்" என்கிறார்களாம். செய்யலாமா, இல்லையென்றால் எந்த வயரை வாங்குவது என்று கேட்கிறார்.

துளைக்க வேண்டாம் தம்பி. அந்த மூடி பேக்கலைற் என்ற கடின பிளாஸ்ரிக்கில் வார்த்தது, துளைபோடும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலே போதும், அடுத்த மழைக்கு மின்சாரம் அந்தக் கீறல் வழியாக ஓடிவிடும், பிறகு வயரை எத்தனை தரம் மாற்றினாலும் நோய் போகாது. அந்த நீல வயர் நல்ல வயராகவே இருக்கலாம். உங்கள் மூடிக்கு ஏற்ற வயர் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். வயரைத் தெரிவுசெய்துவிட்டு மூடியில் செருகப் பார்க்கிறார்கள். மூடியைப் பார்த்துவிட்டுத்தான் வயர் வாங்க வேண்டும். உங்கள் காரில் இருப்பது லூக்கஸ் டிஸ்ரிபியூட்டர். அந்தக் காலத்து லூக்கஸ் மூடிகளில் இரண்டு வகை உண்டு: வயர்கள் பக்கவாட்டில் நுழைவது ஒன்று, மேலிருந்து குத்தி இறக்குவது மற்றது. இரண்டு கிளிப்பையும் தள்ளிவிட்டு மூடியைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். பக்கவாட்டு மூடி என்றால் உட்புறத்தில் பித்தளை முனைகளோடு சிறிய திருகாணிகள் தெரியும். அவற்றின் நுனி ஊசிபோலக் கூராக இருக்கும். வயரை ஓட்டையின் அடிவரை செலுத்தித் திருகினால் அந்த ஊசி றப்பரைக் குத்திக்கொண்டு உள்ளேயிருக்கும் செப்பு இழைகளுக்குள் இறங்கும். இணைப்பு அங்கேதான் கிடைக்கிறது.

இப்போது விற்கும் பெரும்பாலான செட்களுக்குள்ளே செம்பு கிடையாது, காபன் ஊட்டிய நூல்தான் இருக்கிறது. வானொலியில் இரைச்சல் வராமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். அந்த நூலுக்குள் ஊசி குத்தினால் என்ன பிடிப்பு இருக்கும்? முதல் நாள் ஓடும். பிறகு ஊசியைச் சுற்றி நூல் கருகி இடைவெளி விழும், பொறி அந்த இடைவெளியைத் தாண்டித் தாண்டி இன்னும் கருக்கும். இதே குறையோடு வந்த ஒரு மைனரின் மூடியை நான் கழற்றியபோது, மூன்றாம் வயரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன், திருகாணியைத் தொடாமலே கையோடு வந்துவிட்டது. நுனியில் கடுகளவு கரிக்குழி, ஊசி முழுக்கக் கறுப்பு. வெளியே பார்த்தால் புத்தம் புது வயர்.

ஆகவே பக்கவாட்டு மூடி என்றால் 7 மில்லிமீற்றர், செப்பு இழை வயர், வேறு யோசனை வேண்டாம். செட்டாகக் கிடைக்காவிட்டால் மீற்றர் கணக்கில் வாங்குங்கள், இரண்டரை மீற்றர் இருந்தால் ஐந்து வயரும் (பிளக்குகளுக்கு நான்கு, உயர் மின்னழுத்தம் தரும் கொயிலுக்கு ஒன்று) வெட்டலாம். கடையில் கேட்கும்போது இக்னிஷன் வயர் என்று சொல்லிக் கேளுங்கள், தடிப்பாக இருக்கிறதென்று சாதாரண பற்றரி வயரை எடுத்துவந்தால் அது பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தாங்காது. மேலுறை சிலிக்கோனாக இருந்தால் சூட்டுக்கு நல்லது, ஆனால் கூரான தகட்டில் உரசினால் சீக்கிரம் கிழியும்.

மேலிருந்து இறக்கும் மூடியாக இருந்தால் காபன் வயர் தாராளமாகப் போடலாம், 7 மில்லிமீற்றராக இருந்தால் சரி.

இன்னொன்றையும் பாருங்கள். யாராவது பொயின்ற்ரை (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கொயிலின் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனைகள்) எடுத்துவிட்டு இலத்திரனியல் இக்னிஷன் பூட்டியிருக்கிறார்களா? பூட்டியிருந்தால் நான் சொன்னது தலைகீழாகிவிடும். தடை இல்லாத வெறும் செப்பு வயர் கிளப்பும் மின் இரைச்சல் அந்தச் சின்னப் பெட்டியைக் குழப்பும், சிலவேளை கொன்றும்விடும். அதற்கு மேல்வழி மூடியும் தடையுள்ள வயரும்தான் பொருத்தம்.

பொயின்ற் இருந்தால் செப்பு வயரோடு 5 கிலோ ஓம் தடையுள்ள பிளக் தொப்பிகளைப் போடுங்கள், வானொலி இரைச்சலுக்கு அது போதும். தொப்பியில் தடை இருந்தால் பிளக்கிலும் தடை வேண்டாம். என்ஜிகே பிளக் என்றால் பிபி6இஎஸ் போதும், பிபிஆர்6இஎஸ் என்று நடுவில் ஆர் வருவது தடையுள்ளது. பிளக் இடைவெளி 25 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு), அதாவது 0.64 மில்லிமீற்றர் அளவு.

சரி, பூட்டுவதற்கு வருவோம். எல்லா வயரையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிய வேண்டாம். ஒன்றைக் கழற்றி, அதன் பக்கத்தில் வைத்துப் புதியதை ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒழுங்கு தப்பிவிட்டதென்றால்: ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர், எரியும் வரிசை 1-3-4-2, மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் (மூடிக்குள்ளே சுழன்று ஒவ்வொரு முனைக்கும் மின்சாரம் கொடுக்கும் கை) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும்.

வெட்டும்போது நேராக வெட்டுங்கள். மூடிக்குள் போகும் நுனியில் றப்பரை உரிக்க வேண்டியதில்லை, பலர் உரித்து இழைகளை முறுக்கிச் செருகுகிறார்கள், அப்படிச் செய்தால் ஊசிக்குப் பிடிக்க ஒன்றுமே இருக்காது. முதலில் திருகாணியை நன்றாகப் பின்வாங்குங்கள். பிறகு நுனியில் துளி சிலிக்கோன் கிறீஸ் தடவி, அடியில் முட்டுவது கைக்குத் தெரியும்வரை தள்ளுங்கள். பிறகு இறுக்குங்கள். இறுக்கியதும் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. நடுவில் உள்ள கொயில் வயரின் திருகாணியைத் தேடிக் காணாமல் பலர் களைத்துப்போவார்கள். நடுவே ஸ்பிரிங்கோடு நிற்கும் சின்னக் காபன் குச்சியை மெல்ல வெளியே இழுத்தெடுத்தால் அந்தக் குழிக்குள்ளே இருக்கும். குச்சி மெல்லியது, முறிந்தால் வேறு தேட வேண்டும்.

கொயில் டைனமோவின் முதுகில் இருக்கும். அது பழைய வகை என்றால் வயர் ஒரு திருகு மூடிக்குள்ளால் போகும். அங்கே மட்டும் கால் அங்குலம் உரித்து, இழைகளைப் பித்தளை வளையத்துக்குள்ளால் விட்டுப் பூவிதழ்போல வெளிப்பக்கம் மடக்கி விரித்து, பிறகு திருகுங்கள். நிற்கும்போதே கொயில் இணைப்பையும் பாருங்கள். மைனர் பொசிற்றிவ் ஏர்த் கார், அதாவது பற்றரியின் கூட்டல் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். புதுக் கொயிலில் கூட்டல், கழித்தல் என்று போட்டிருந்தால், கூட்டல் பக்கம்தான் டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். இப்போதைய கார்களைப் பழகியவர்கள் இதை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், கார் ஓடும், ஆனால் பொறி பலவீனப்பட்டிருக்கும், மாரியில் அது உடனே தெரியும்.

வயர்களைக் கற்றையாகக் கட்டி அழகு பார்க்காதீர்கள். முக்கியமாக மூன்றாம், நான்காம் வயர்கள் ஒட்டிக் கிடக்கக்கூடாது, அடுத்தடுத்த சிலிண்டர், எரிவதும் அடுத்தடுத்து, ஒன்றின் துடிப்பு மற்றதில் தொற்றலாம்.

பூட்டுமுன் மூடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறினதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது மின்சாரம் போட்டுக்கொண்ட பாதை. சுரண்டிப் பயனில்லை, மூடியையே மாற்றுங்கள். ரோட்டரையும் அப்படியே பார்த்துவிடுங்கள். உங்கள் காரின் ஈரவியாதிக்கு வயரோடு மூடிக்கும் பங்கிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. மினி காரில் டிஸ்ரிபியூட்டர் கிறில்லுக்கு நேரே நின்று மழையை வாங்கும். மைனரில் அது எஞ்சினின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. அப்படியிருந்தும் நனைந்து நிற்கிறதென்றால் எங்கோ வெடிப்பு இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரவில், விளக்கில்லாத இடத்தில், பொனெற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் தூரத்திலிருந்து மெல்லிய பனிப்புகார்போல ஒரு தெளி. கையை உள்ளே விடாதீர்கள். எங்காவது நீலப் பொறி நெளிந்தால் கசிவு அங்கேதான். இருட்டாகவே இருந்தால் விடிய ஸ்ரார்ட் எடுத்துப் பாருங்கள்.

மிஞ்சிய வயரில் மிக நீளமான இடத்துக்குப் போதுமான ஒரு துண்டை வெட்டித் தொப்பியும் போட்டு, ஒரு ரோட்டரோடு சேர்த்து டிக்கியில் வையுங்கள். நீளமானது எந்தச் சிலிண்டருக்கும் எட்டும்.