அப்பா பெயரில் அண்டார்டிகாவில் ஒரு தீவா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். அவருடைய 75-வது பிறந்தநாளுக்கு அண்டார்டிகாவில் ஒரு தீவுக்கு அவர் பெயரைச் சூட்டித் தருவதாகச் சொல்லி ஓர் ஏஜென்ட் 28,000 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் கார்டில் கட்டிவிட்டேன். ‘அண்டார்டிக் ஒப்பந்தப்படி பதிவானது’ என்று மாதிரிச் சான்றிதழும் வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய சான்றிதழில், தங்க நிற முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்: தெற்கு 54 டிகிரி 26 நிமிடம், கிழக்கு 3 டிகிரி 24 நிமிடம். அண்டார்டிகாவை எப்படிப் பயன்படுத்துவது என்று நாடுகள் சேர்ந்து செய்துகொண்டதுதான் அண்டார்டிக் ஒப்பந்தம். அது தெற்கு அட்சரேகை 60 டிகிரிக்குத் தெற்கே உள்ள பகுதிக்குத்தான். இது 54, அந்த எல்லைக்கு வெளியே. அப்பாவிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

அப்புறம், அது பெயரில்லாத தீவும் இல்லை. நார்வேக்குச் சொந்தமான பூவே தீவு. மொத்தமே 49 சதுர கிலோமீட்டர், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனி. அந்தப் பெயர் நிலைக்கவே இரண்டு நூற்றாண்டு பிடித்தது. 1739 ஜனவரி 1 அன்று அதைப் பார்த்த பூவே என்ற பிரெஞ்சு மாலுமி, ஏதோ கண்டத்தின் முனை என்று நினைத்துக்கொண்டார். இருக்கும் இடத்தையும் தவறாகக் குறித்தார். கேப்டன் குக் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. 1808-இல் கண்ணில் பட்டபோது லிண்ட்சே தீவு, 1825-இல் லிவர்பூல் தீவு. 1898-இல் ஒரு ஜெர்மன் கப்பல்தான் இடத்தைச் சரியாகக் கணித்தது. 1928-இல் நார்வே தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே ஒரு பாறைக்குப் பெயர் வைப்பதென்றாலும் நார்வே போலார் இன்ஸ்டிட்யூட் வழியாகத்தான் வைக்க வேண்டும்.

‘ஒப்பந்தப் பகுதிக்குள் வேறு தீவு தருகிறோம்’ என்று அடுத்து வருவார்கள். அங்கேயும் பெயர் விற்பனைக்கு இல்லை. ஒவ்வொரு நாட்டின் பெயர்க் குழுவும் தனித்தனியாகப் பெயர் வைக்கிறது. சர்வதேசப் பட்டியல் ஒன்று உண்டு. வந்த பெயர்களையெல்லாம் அது தொகுத்துக்கொள்ளும், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. அதனால் பிரிட்டனுக்குக் கிங் ஜார்ஜ் தீவாக இருப்பது அர்ஜென்டினாவுக்கு ‘மே 25 தீவு’, ரஷ்யாவுக்கு வாட்டர்லூ. ஒரே தீவுக்கு மூன்று பெயர்! இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒழுங்குபடுத்தாமல் விட்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தக் கலங்கிய குட்டையில்தான் ஏஜென்ட்கள் மீன் பிடிக்கிறார்கள்.

‘இந்தியாவில் பிறந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை அங்கே ஒரு மலைக்கு வைத்தார்களே’ என்றும் சொல்வார்கள். உண்மைதான். அமெரிக்கக் குழு அகௌரி சின்ஹா என்ற உயிரியலாளரின் பெயரில் ‘மவுண்ட் சின்ஹா’ என்று வைத்தது. ஆனால் அவர் எதற்கும் பணம் கட்டவில்லை. 1971–72-இல் கப்பலில் போய், உறைகடலில் சீல்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்த குழுவில் இருந்தவர். அந்த வேலைக்காகக் கிடைத்த பெயர் அது. ஆய்வுக்குப் போனவர்களுக்கு இப்படிக் கிடைக்கலாம். வீட்டிலிருந்து கார்டைத் தேய்த்தால் கிடைக்காது.

சரி, கட்டிய 5,000? இன்றைக்கே வங்கியை அழைத்து, மோசடி என்று சொல்லி அந்தப் பரிவர்த்தனையை ஆட்சேபியுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள். சான்றிதழ், ஏஜென்ட்டின் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.