டிஜே சாஃப்ட்வேர்ல பாட்டு சரியா வருது, வேவ்ஃபார்ம் (ஸ்கிரீன்ல பாட்டோட ஓடற அலைக்கோடு) மட்டும் திக்கித் திக்கி ஓடுது, லேப்டாப் மாத்தணுமா?

வேணாம் தம்பி, அவசரப்படாதீங்க. பாட்டு நல்லா வந்து வேவ்ஃபார்ம் மட்டும் திக்குதுன்னா பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கம்தான் கோளாறு, ஆடியோ பஃபர (சத்தம் அறுபடாம இருக்க முன்கூட்டியே சேர்த்து வைக்கற அளவு) ஏத்தி இறக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, ராம்ல இருந்துதான் பங்கு எடுக்கும், அதனால 8 ஜிபி ராம்ல டிஜே சாஃப்ட்வேர், பின்னாடி 10 டேப்போட குரோம், கூடவே எல்இடி ஸ்கிரீனுக்கு வீடியோன்னு ஓட்டினா தாங்காது. மொதல்ல குரோம மூடுங்க, சாஃப்ட்வேர்ல பாட்டு ஏத்தி ஓட்டற டெக் 4 இருந்தா 2 ஆக்குங்க. ஒரே ராம்தான் போட்டிருக்குன்னா அதே அளவுல இன்னொன்னு போடுங்க, ரெண்டு ராமும் சேர்ந்து ரெண்டு சேனல்ல, அதாவது ரெண்டு வழியில ஓடும்போது கிராஃபிக்ஸ் நல்லா மூச்சு விடும். தனி கார்டும் இருக்குன்னா விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல சாஃப்ட்வேர சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் வைங்க.

அப்புறம் நம்ம வேலூர் வெயில், இத யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா சமயத்துல ஒரு ப்ரோகிராம், லேப்டாப்ப ஸ்பீக்கர் பெட்டி மேல விரிச்ச துணியிலயே வச்சிட்டேன், அரை மணில அடியில கை வைக்க முடியல, சூடு ஏறினா சிப்பு தானா வேகத்த குறைச்சுக்கும், ஸ்கிரீன் அப்படியே நின்னு நின்னு வந்துச்சு. துணிய எடுத்துட்டு ரெண்டு கட்டை வச்சு தூக்கி டேபிள் ஃபேன திருப்பி விட்டதும் சரியாச்சு. சார்ஜர் மாட்டியே ஓட்டுங்க, பேட்டரில வேகம் இன்னும் குறையும்.