சட்டைப் பையில் வேதம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸ். டியூட்டிக்கு இடையில் கிடைக்கிற ஐந்து, பத்து நிமிடங்களில் வாசிப்பதற்காகப் பாக்கெட் சைஸ் தமிழ் வேதாகமம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு மாதத்தில் சங்கீதப் பகுதி மொத்தமாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது என்கிறார்கள். பணம் கிடைக்குமா? அடுத்து எதை வாங்குவது?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் பணம். ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் விற்பவர் வசதிக்கு வைத்துக்கொண்ட கெடு. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இரண்டே மாதத்தில் தாள் கழல்வது குறைதான். கழன்ற பக்கங்களைப் படம் எடுத்து, பில்லையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். எழுத்து சிறியது என்பதை மட்டும் வைத்து வாதாடுவது கடினம். விளம்பரப் படத்தில் பெரிய எழுத்தைக் காட்டியிருந்தால் அது வேறு விஷயம், அந்தப் படத்தையும் புகாரில் சேருங்கள்.

இனி அடுத்த புத்தகம். முழு வேதாகமத்தைச் சட்டைப் பையில் வைக்க ஆசைப்படாதீர்கள். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்களை உள்ளங்கை அளவுக்குள் அடக்க வேண்டுமானால் அச்சகத்தார் எழுத்தைத்தான் குறுக்குவார்கள். தமிழ் அதைத் தாங்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் 260 அதிகாரங்கள். கூடவே சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்த பதிப்புகள் உண்டு. நைட் டியூட்டி வெளிச்சத்தில் படிக்கப் போகிற உங்களுக்கு அதுதான் சரி. முழு வேதாகமம் பெரிய எழுத்தில் வீட்டில் இருக்கட்டும்.

கட்டுமானத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். புத்தகத்தை மூடி, முதுகை மேலிருந்து பாருங்கள். மடித்த தாள் கட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் சின்ன வளைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் நூல் தையல். நேர்க்கோடாக வெறும் பசை தெரிந்தால் ஒட்டுக் கட்டு. சந்தேகமாக இருந்தால் நடுவில் நாலைந்து இடங்களில் பிரித்துப் பாருங்கள். தைத்த புத்தகமானால் ஏதாவது ஓரிடத்தில் மடிப்பின் நடுவே நூல் ஓடுவது கண்ணில் படும். தினமும் வியர்வையிலும் சூட்டிலும் கிடந்து, ஒரு கையால் விரித்துப் பிடித்துப் படிக்கப்படும் புத்தகத்துக்குத் தையல்தான் உயிர். தோல் போன்ற அட்டை, தங்க விளிம்பு, ஜிப் எல்லாம் அப்புறம். கழன்ற பழைய பிரதியை பைண்டிங் கடையில் கொடுக்கலாமா என்று தோன்றும். ஒட்டுக் கட்டைப் பக்கவாட்டில்தான் தைப்பார்கள், உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விடும்.

ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, பின்பக்க அச்சு எவ்வளவு தெரிகிறது என்றும் பாருங்கள். வேதாகமத் தாள் மெல்லியதுதான், கொஞ்சம் தெரியும். வரிகள் ஒன்றோடொன்று கலந்தால் வேண்டாம். அடிக்கோடு போடும் பழக்கம் இருந்தால் பென்சில் போதும், பேனா மை மறுபக்கம் இறங்கும்.

உங்கள் சபையில் வாசிக்கிற மொழிபெயர்ப்பையே வாங்குங்கள். கத்தோலிக்கர் என்றால் 1995-இல் வந்த திருவிவிலியம். புராட்டஸ்டன்ட் சபைகளில் வழக்கமான ‘பழைய திருப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பில் மனப்பாடம் செய்தவருக்கு அதன் வரிகள் வேறாக இருக்கும். கிதியோன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஊழியர்கள் மருத்துவமனைகளில் புதிய ஏற்பாட்டை இலவசமாகவே தருகிறார்கள். அதற்கு யாராவது விலை சொன்னால் கொடுக்காதீர்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் பில்லையும் ஒருமுறை பாருங்கள். தனியாக வாங்கும் உறைக்கு வரி உண்டு.

கேள்வி: அப்பா தினமும் நடைப்பயிற்சிக்குப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்து கீதை பாராயணம் செய்கிறார். சமஸ்கிருதம் படிக்கத் தெரியாது, தமிழ் எழுத்தில் வேண்டும். எந்தப் பாக்கெட் கீதை நல்லது?
வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: கீதை 18 அத்தியாயம், 700 சுலோகம். மூலம் மட்டும் என்றால் பைக்குள் வசதியாக அடங்கும். உரையும் சேர்ந்தால் தடிமன் கூடும். பாராயணத்துக்கு மூலம் போதும்.

கவனிக்க வேண்டியது உச்சரிப்பு எண்கள். தமிழில் ஒரே எழுத்தாக வரும் வெவ்வேறு சமஸ்கிருத ஒலிகளைப் பிரித்துக் காட்ட, க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று சிறிதாகப் போடுவார்கள். முதல் சுலோகமே ‘த⁴ர்மக்ஷேத்ரே’ என்றுதான் தொடங்குகிறது. அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போய், அவர் கண்ணாடியோடு, வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அந்த 4 அவருக்குத் தெளிவாகத் தெரிகிற பதிப்பை எடுங்கள். எண்ணே போடாத பதிப்பு, ஏற்கெனவே பாடம் கேட்டவருக்கு மட்டும் பயன்படும்.

1923-இல் கோரக்பூரில் தொடங்கிய கீதா பிரஸ் தமிழிலும் குறைந்த விலையில் வெளியிடுகிறது. அட்டையில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ஆன்லைனில் அதற்கு மேல் வைத்து விற்பவர்கள் உண்டு, தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுவதும் உண்டு. உங்கள் ஊரில் நேரில் போய் வாங்குவதே லாபம்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார். தீப்பெட்டி அளவு முழுக் குர்ஆன், பூதக்கண்ணாடியோடு விற்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, மேலப்பாளையம்

பதில்: ஓதுவதற்கு என்றால் வேண்டாம், சகோதரி. 114 அத்தியாயங்கள் அந்த அளவில் இருந்தால் அரபு எழுத்தின் புள்ளியும் குறியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு புள்ளி மாறினால் எழுத்தே மாறிவிடும். குர்ஆனின் 30 பாகங்களும், அதாவது ஜுஸ்உகளும், தனித்தனிப் புத்தகங்களாக ஒரே பெட்டியில் விற்கிறார்கள், எழுத்து பெரிதாக இருக்கும். பயணத்துக்கு ஒன்றை எடுத்துப் போய், முடித்ததும் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். அவர் மதரஸாவில் ஓதிப் பழகிய எழுத்து வடிவம்தானா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியில் முன் கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டாம். அந்த வெயிலில் பசை இளகும், பிளாஸ்டிக் உறை அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இருக்கைக்கு மேலே நிழலான தட்டில், துணிப் பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.